வீடுகளுக்கு நடுவே ஒரு தரவு மையம்: வலிகாமத்து ஊரொன்றின் ஆட்சேபம் பற்றிய நிகழ்வு ஆய்வு

2024 இன் நடுப்பகுதியிலிருந்து 2025 இன் இறுதி வரை, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்தில், உட்புற ஊரொன்றின் வீடுகளுக்கு நடுவே ஒரு தரவு மையம், அதாவது தரவைச் சேமிக்கும் கணினிச் சேர்வர்கள் இரவும் பகலும் ஓடும் கட்டடம், கட்ட முயன்றபோது நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊர், நிறுவனம், ஆட்கள் எவருடைய பெயரையும் சொல்லவில்லை. நான் அந்த ஊரவன் அல்லன். ஆவணங்களை வாசித்துக் கணக்குப் பார்த்துச் சொல்லும்படி குடியிருப்பாளர் குழு கேட்டதால் இதற்குள் வந்தவன். ஆகவே நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். ஆனால் குழுவுக்குச் சாதகமாக இல்லாத விடயங்களையும் விடாமல் எழுதியிருக்கிறேன். இன்னோர் ஊருக்கு அவைதான் கூடுதலாகப் பயன்படும்.

காணியும் ஊரும்

காணி 12 பரப்பு, அதாவது முக்கால் ஏக்கர். மூன்று பக்கம் வீட்டு வளவுகள். நான்காவது பக்கம் வெங்காயமும் மரவள்ளியும் போடும் தோட்டம். பிரதான வீதியிலிருந்து ஒழுங்கை வழியாகத்தான் உள்ளே வரலாம். எதிரும் புதிருமாக இரண்டு வாகனங்கள் வந்தால் ஒன்று பின்னுக்குப் போய் யாருடையவோ படலையடியில் ஒதுங்கவேண்டும். உரிமையாளர் குடும்பம் நெடுங்காலமாகக் கனடாவில். அற்றோர்னித் தத்துவம் (அவர்கள் சார்பில் விற்கும் அதிகாரம்) வைத்திருந்த உறவினர் ஒருவர் 2024 இல் காணியை ஒரு தனியார் நிறுவனத்துக்கு விற்றார். காணி உறுதிப் பத்திரத்தில், யாழ்ப்பாணத்து உறுதிகளில் வழக்கமாக வருவதுபோல, தோட்டத்திலுள்ள பங்குக் கிணற்றில் (பலர் பங்கிட்டு இறைக்கும் கிணற்றில்) நாலிலொரு பங்கும் அதற்குரிய வழி வாய்க்கால் உரிமையும் எழுதப்பட்டிருந்தன. விற்றவரோ வாங்கியவரோ அந்த வரியை அப்போது பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை.

ஊரவர்களுக்குத் தண்ணீர் பற்றிய அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் மற்றது விளங்காது. குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறும் மாரியில் மட்டுந்தான் ஓடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே நிற்கும் உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே ஏறும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் பொந்தும் நிறைய. மேலே ஊற்றியது எதுவானாலும் வடிகட்டப்படாமல் நேரே கீழே போய்ச் சேர வழி உண்டு. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

இதற்கு மேல் சுன்னாகம். அங்கிருந்த மின் உற்பத்தி நிலையத்தை ஒட்டிய பகுதிகளில் கிணறுகளில் எண்ணெய் கலந்தது. மக்கள் பவுசர் (தாங்கி லொறி) தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள். விடயம் உயர் நீதிமன்றம் வரை போய், 2019 ஏப்ரலில் பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்துமாறு தீர்ப்பு வந்தது. நான் எழுதும் ஊர் சுன்னாகத்திலிருந்து தொலைவில் இல்லை. இங்கே எண்ணெய்த் தாங்கி என்ற சொல் காதில் விழுந்தவுடன் கூட்டத்தின் குரல் ஏன் மாறியது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதற் சந்தேகம்

2024 இன் கடைசி மாதங்களில் காணி துப்புரவாக்கப்பட்டு மதில் எழும்பியது. அறிவித்தற் பலகை எதுவும் இல்லை. கேட்டவர்களுக்குக் காவலாளி சொன்னது: “ஒரு ஒவ்வீஸ் வருதாம்.” அப்போது பிரதேச சபையில் தெரிவு செய்யப்பட்ட உறுப்பினர் எவரும் இல்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்திருந்தது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. செயலாளரின் கையொப்பத்தில்தான் எல்லாம் நடந்தன. வட்டார உறுப்பினர் ஒருவர் இருந்திருந்தால் கட்டட வரைபடம் சபைக்கு வந்த கிழமையே ஊருக்குச் செய்தி கசிந்திருக்கும். அந்தக் கசிவுக்கு வழி இல்லாமற் போனதை யாருடைய சதியாகவும் நான் பார்க்கவில்லை.

2025 தையில் குழாய்க்கிணறு துளைக்கும் இயந்திரம் ஒழுங்கைக்குள் வந்தது. அது திரும்ப இடமில்லாமல் ஒரு வீட்டு மதிலை உரசியதால் அயலவர்கள் வெளியே வந்தார்கள். அனுமதிக் கடிதத்தைக் காட்டச் சொன்னார்கள். இயந்திரத்தோடு வந்தவர்களிடம் அது இல்லை. கிராம அலுவலர் வந்தார், அவருக்கும் ஒன்றும் தெரியாது. இயந்திரம் திரும்பிப் போனது. அன்று பின்னேரந்தான் நிறுவனத்தின் உத்தியோகத்தர் ஒருவர், தொலைபேசியில், கட்டப்படுவது தரவு மையம் என்று முதன்முறையாகச் சொன்னார்.

கூட்டமும் துண்டுப்பிரசுரமும்

மாசியில் சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். கூட்டம் நல்ல கூட்டம். ஆனால் அதற்கு முன்னர் விநியோகிக்கப்பட்ட துண்டுப்பிரசுரம் பின்னால் பெரிய தொந்தரவாயிற்று. அதில் மூன்று விடயங்கள் இருந்தன: கதிர்வீச்சால் புற்றுநோய் வரும், நாளொன்றுக்கு இலட்சக்கணக்கான லீற்றர் தண்ணீர் உறிஞ்சப்படும், ஊர் முழுவதும் மின் அழுத்தம் விழும்.

கதிர்வீச்சுக் கதை, 2019 இல் யாழ்ப்பாணத்தில் ஸ்மார்ட் கம்பங்கள் (தொலைத்தொடர்பு அன்ரெனா பொருத்தும் தெருக்கம்பங்கள்) பற்றி நடந்த சர்ச்சையின் மிச்சம். சேர்வர்கள் நிற்கும் கட்டடம் அலைபரப்பும் கோபுரம் அல்ல. தண்ணீர்க் கணக்கு அமெரிக்காவின் மாபெரும் மையங்களுக்கு உரியது. மின் அழுத்தம் விழும் என்பதும் சரியல்ல: இந்த அளவு வாடிக்கையாளருக்கு மின்சார சபை தனி மின்மாற்றி வைத்து உயர் அழுத்தக் கம்பியிலிருந்து நேரே கொடுக்கும், ஒழுங்கை வீடுகளின் இணைப்பிலிருந்து எடுக்காது. நிறுவனத்தார் இந்த மூன்றுக்கும் ஒரே பக்கத்தில் மறுப்பு எழுதிப் பிரதேச செயலகத்துக்கும் பிரதேச சபைக்கும் அனுப்பிவிட்டார்கள். மறுப்பு சரியாகவே இருந்தது. அதற்குப் பிறகு சில கிழமைகள், குழு எதைச் சொன்னாலும் “கதிர்வீச்சுக் கதைதானே” என்று சிரித்துக் கடந்தார்கள்.

ஊருக்குள்ளும் ஒருமித்த கருத்து இல்லை. கணினி படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த ஓர் இளைஞர் கூட்டத்தில் எழுந்து கேட்டார்: “இஞ்ச ஒண்டும் வரக்கூடாது எண்டா, நாங்கள் படிச்சிட்டு கொழும்புக்குத்தான் போகோணுமோ?” அவரை உட்காரச் சொன்னார்கள். அது நல்லதல்ல, கேள்வி நியாயமானது. வடக்கின் வங்கிகளும் மருத்துவமனைகளும் கூட்டுறவுச் சங்கங்களும் தங்கள் தரவின் ஒரு பிரதியைக் கொழும்புக்கு வெளியே வைத்திருப்பது பயனுள்ளதுதான். வேலை பற்றிய பகுதிக்குப் பதில் பின்னர் நிறுவனத்தின் வாயிலிருந்தே வந்தது: நிரந்தர வேலை இருபதைத் தாண்டாது, அதில் பாதிக்கு மேல் காவலும் துப்புரவும். இத்தகைய கட்டடங்கள் ஆட்களுக்காகக் கட்டப்படுபவை அல்ல. அந்த இளைஞர் பின்னர் குழுவில் சேர்ந்தார். ஆவணங்களை ஒழுங்காக அடுக்கி வைத்தவர் அவர்தான்.

கூட்டத்தின் ஒரே உருப்படியான முடிவு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிப்பது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவு சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் தன் பெயரில் விண்ணப்பித்தார். கேட்டது நான்கு: கட்டட விண்ணப்பப் படிவம், வரைபடம், மின் இணைப்புக்கான கடிதம், சுற்றாடல் அதிகாரசபையுடனான கடிதப் போக்குவரத்து.

ஆவணங்கள் சொன்னவை

பங்குனியில் பிரதிகள் வந்தன. நான்காவதுக்கு “அவ்வாறான ஆவணம் எதுவும் இல்லை” என்று பதில்.

கட்டட விண்ணப்பத்தில் பயன்பாடு என்ற இடத்தில் “அலுவலகமும் களஞ்சியமும்” என்று எழுதப்பட்டிருந்தது. முழு விடயத்திலும் ஆகப் பாரதூரமானது இதுவே என்பது என் கருத்து. அலுவலகம் என்றால் அயலவருக்கு அறிவிக்கவேண்டியதில்லை. இரைச்சல், எரிபொருள், கழிவுநீர் பற்றிய கேள்வி எழாது. சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் பற்றியும் யாரும் நினைக்கமாட்டார்கள். வரைபடத்தைப் பார்த்தால் வேறு கதை. 400 கிலோவாற் ஜெனரேற்றர் இரண்டு, நிலத்துக்குக் கீழே 10,000 லீற்றர் டீசல் தாங்கி, கூரையில் குளிரூட்டும் கோபுரம், அதற்குப் பக்கத்தில் ஊறுகுழி (கழிவுநீரை நிலத்துக்குள் ஊறவிடும் குழி). மின் இணைப்புக் கடிதத்தில் 630 கேவிஏ மின்மாற்றி கேட்கப்பட்டிருந்தது. ஓர் அலுவலகத்துக்கு இவை எதற்கு என்று அந்த மேசையில் யாரும் கேட்கவில்லை.

சேர்வர்களுக்கான மின்சாரம் முதற் கட்டத்தில் 300 கிலோவாற். குளிரூட்டலையும் சேர்த்தால் ஏறத்தாழ 450. நாளொன்றுக்கு 10,800 அலகு. மாதம் 90 அலகு பாவிக்கும் வீடுகள் 3,600 இன் பாவனை. உலகக் கணக்கில் இது தூசு. சர்வதேச எரிசக்தி முகவரகம் 2024 இல் உலகத் தரவு மையங்களின் பாவனையை 415 ரெறாவாற் மணி, அதாவது உலக மின்சாரத்தில் 1.5 வீதம் அளவில் மதிப்பிட்டது. ஆனால் ஒழுங்கைக்குள் வாழ்பவருக்கு உலகக் கணக்கு எதற்கு? 450 கிலோவாற் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகி அந்த 12 பரப்புக்குள்ளிருந்துதான் வெளியேற வேண்டும். தண்ணீரை ஆவியாக்கி வெளியேற்றலாம், அல்லது விசிறியால் காற்றில் தள்ளலாம். பிறகு நடந்தவை எல்லாம் இந்த இரண்டு வழிகளுக்குள் அடக்கம்.

தண்ணீர்

கணக்கு எளிது. ஒரு கிலோவாற் மணி வெப்பத்தை ஆவியாக்கி அகற்ற ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் தண்ணீர் வேண்டும். சேர்வர்களின் 300 கிலோவாற் வெப்பம் மட்டும், நாள் முழுவதும் என்றால் 10,700 லீற்றர் அளவில் ஆவியாகும். இதைக் குழுவுக்குச் சொன்னபோது தோட்டக்காரர் ஒருவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இது என்ர மோட்டர் ஒரு மணித்தியாலம் இறைக்கிற தண்ணி. இதுக்கோ இவ்வளவு கத்தினனாங்கள்?”

அவர் சொன்னது சரி. அளவை வைத்து வாதாடியிருந்தால் தோட்டம் செய்பவர்கள் அனைவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவேண்டி வந்திருக்கும். உரமும் இறைப்பும் வலிகாமத்து நிலத்தடி நீருக்குச் செய்துள்ள கெடுதியை, நைத்திரேற்றை, யாரும் மறுக்க முடியாது. நிறுவனத்தின் ஆலோசகரும் பின்னர் இதையே சொன்னார்.

ஆனால் அதே தோட்டக்காரர்தான் அடுத்த கேள்வியையும் கேட்டார்: “ஆவியாப் போறது போகட்டும். மிஞ்சிற தண்ணி எங்க போகும்?”

குளிரூட்டும் கோபுரத்தில் தண்ணீர் ஆவியாகும்போது அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் பின்னால் நின்றுவிடும். சுற்றிச் சுற்றி வரும்போது செறிவு ஏறும். ஓர் அளவுக்கு மேல் குழாய்களில் படியத் தொடங்கும் என்பதால் செறிந்த தண்ணீரை அவ்வப்போது வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் சேர்க்கவேண்டும். எங்கள் தண்ணீரில் சுண்ணாம்பு எவ்வளவு என்பதற்கு எந்த வீட்டுக் கேத்திலின் அடியையும் பார்க்கலாம். இவ்வளவு வன்னீரை இரண்டு மடங்குக்கு மேல் செறியவிடுவது கடினம். இரண்டு மடங்கு என்றால், ஆவியாவது எவ்வளவோ அவ்வளவும் வெளியே விடவேண்டும். ஆக நாளொன்றுக்கு 21,000 லீற்றருக்கு மேல் எடுத்து, அதில் பாதியை இரு மடங்கு உப்போடும், பாசி பிடிக்காமலிருக்கப் போடும் மருந்தோடும், ஊறுகுழிக்குள் விடுவதுதான் வரைபடத்தின் திட்டம். ஊறுகுழிக்கும் பங்குக் கிணற்றுக்கும் நடுவே தோட்டத்தின் ஒரு துண்டு மட்டும். தோட்டத்து இறைப்பு மழைக்கு நிற்கும், பயிர் முடிய நிற்கும். இது ஆவணி புரட்டாதியில், கிணறு வற்றி உவர் ஏறும் நாட்களிலும், ஒரு நாள் கூட நிற்காது.

குழாய்க்கிணறு தடைப்பட்டபின் நிறுவனம் உறுதியிலிருந்த நாலிலொரு பங்கை எடுத்துக் காட்டியது. பங்காளிகளுக்கு அது அதிர்ச்சி. பங்குக் கிணற்றில் முறை வைத்து இறைப்பது வழக்கம். ஒருவருடைய முறையில் மற்றவர் தலையிடுவதில்லை. அந்த முறையை நாள் முழுவதும் இயங்கும் ஒரு யந்திரத்துக்குக் கொடுக்கலாமா? குழு ஆலோசித்த வழக்கறிஞரின் கருத்துப்படி, பங்கு செல்லும். ஆனால் தோட்டத்துக்கென வந்த உரிமையை வேறு வளவிலுள்ள தொழிலுக்குப் பாவிப்பதை மற்றப் பங்காளிகள் நீதிமன்றத்தில் எதிர்க்க இடமுண்டு. எதிர்க்க இடமுண்டு என்பது வெல்லலாம் என்பதல்ல என்றும் அவர் சொல்லிவைத்தார்.

எண்ணெய்

இதில் வாதம் குறைவு. நிலத்துக்குக் கீழே டீசல் தாங்கி வைப்பதன் கேடு, கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பது. சுண்ணாம்புக்கல்லில் அது தெரியவருமிடம் அயலவரின் கிணறு. நிலத்துக்கு மேலே, தாங்கியின் கொள்ளளவை விடச் சற்றுப் பெரிய சீமெந்துத் தொட்டிக்குள் வைத்தால் கசிவை அன்றைக்கே பார்க்கலாம். நிறுவனம் முதற் சந்திப்பிலேயே இதை ஏற்றுக்கொண்டது.

ஏற்காதது ஜெனரேற்றர் ஓடும் நேரம் பற்றிய கேள்வியை. “மாதத்தில் அரை மணித்தியாலம், சோதனைக்கு மட்டும்” என்றார்கள். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் இதைக் கேட்டுச் சிரிக்காமல் இருப்பது கடினம். கூட்டம் நடந்த அதே மாசியில், பெப்ரவரி 9 ஆம் திகதி, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு மாட்டுப்பட்டு நாடு முழுவதும் இருண்டது. அடுத்த சில நாட்கள் ஒன்றரை மணித்தியால வெட்டு. முழுச் சுமையில் அந்த ஜெனரேற்றர்கள் மணிக்கு நூறு லீற்றருக்கு மேல் டீசல் குடிக்கும். பவுசர் அந்த ஒழுங்கைக்குள் எப்படித் திரும்பும் என்பதை யாரும் வரைபடத்தில் காட்டவில்லை.

சத்தம்

மே 6 ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். எல்லாக் கட்சி வேட்பாளர்களும் சனசமூக நிலையத்துக்கு வந்து திட்டத்தை எதிர்ப்பதாகச் சொன்னார்கள். அதைப் பற்றி எழுத அதற்கு மேல் ஒன்றுமில்லை. ஆனால் ஆனியில் சபை கூடியது ஒரு மாற்றம்: கேள்வி கேட்க ஓர் இடம் கிடைத்தது.

ஆடியில் நிறுவனத்தின் பொறியியலாளர், புதிய உறுப்பினர்கள், குழு எல்லோரும் காணியில் சந்தித்தார்கள். பொறியியலாளர் நல்ல மனிதர், தயாராகவும் வந்திருந்தார். தண்ணீர்ப் பிரச்சினைக்கு முழுத் தீர்வு என்று அவர் வைத்தது, குளிரூட்டும் கோபுரத்தை அகற்றிவிட்டுக் காற்றால் குளிரூட்டும் முறைக்கு மாறுவது. தண்ணீர் தேவையில்லை, ஊறுகுழி தேவையில்லை, கிணற்றுப் பங்கையும் பாவிக்கமாட்டோம். பலர் கைதட்டினார்கள். விடயம் முடிந்தது என்றுகூட ஒருவர் சொன்னார்.

காற்றால் குளிரூட்டுவது என்றால் பெரிய விசிறிகள். அவை வளவுக்குள், வானம் பார்த்து, இரவும் பகலும் நிற்காமல் ஓடும். பொறியியலாளர் கொடுத்த விபரத்தாளில் விசிறி அலகொன்றின் ஒலி 10 மீற்றரில் 55 டெசிபல் என்றிருந்தது. நான்கு அலகுகள். ஒரே அளவான ஒலிமூலம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் 3 டெசிபல் கூடும், நான்குக்கு 6. ஆக 10 மீற்றரில் 61. மதில் 7 மீற்றர் தூரத்தில் இருப்பதால் இன்னொரு 3. எல்லையில் 64.

1996 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க தேசிய சுற்றாடல் (இரைச்சல் கட்டுப்பாடு) ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபை எல்லைக்குள் அடங்கும் இடம் குறைந்த இரைச்சற் பிரதேசம். பகலில் 55, இரவில் 45 டெசிபல் எல்லை. மாலை 6 மணிக்கே இரவு தொடங்கிவிடும். 64 இலிருந்து 45 க்கு இறங்க வேண்டியது 19. தூரம் இரட்டிக்கும்போது 6 டெசிபல் குறையும் என்ற திறந்தவெளிக் கணக்கின்படி, விசிறிகளிலிருந்து 60 மீற்றருக்கு அப்பால் போனால்தான் 45. காணியின் ஒரு பக்கமே 55 மீற்றர்தான். நல்ல தடுப்பு மதில் எழுப்பினால் 10 அளவில் குறைக்கலாம். மெதுவாக ஓடும் பெரிய விசிறிகளை எடுத்தால் இன்னும் கொஞ்சம். இரண்டையும் செய்தாலும் 45 ஐத் தொடுவது ஐயந்தான். இரண்டாம் கட்டத்தில் அலகுகள் கூடினால் பேச்சே இல்லை.

இந்தக் கணக்கைப் பொறியியலாளரோடு ஒரே மேசையில் இருந்து பார்த்தோம். அவர் மறுக்கவில்லை. “ஒரு ஏசி சத்தத்துக்கு மேல் இராது” என்று மட்டும் சொன்னார். ஆசிரியை சொன்ன பதில்: “தம்பி, எங்கட வீட்டில ஏசி இல்லை. யன்னலைத் திறந்துபோட்டுத்தான் படுக்கிறம். நீங்கள் இஞ்ச வந்து ஒரு இரவு படுத்துப் பாருங்கோ.” அமெரிக்காவின் அரிசோனாவிலுள்ள சாண்ட்லர் நகரில் தரவு மையத்தின் ஓயாத ரீங்காரம் பற்றி அயலவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டதன் பின்னர், 2022 இல் நகரசபை தரவு மையங்களுக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. அந்தத் தகவலை இளைஞர் தேடி எடுத்துச் சபை உறுப்பினர்களுக்குக் கொடுத்தார். துண்டுப்பிரசுரத்தில் இருந்திருக்க வேண்டியது இதுதான்.

எடுத்த முடிவுகள்

ஆவணியில் குழு மூன்று விடயங்களைத் தீர்மானித்தது. வழக்குப் போடுவதில்லை என்பது ஒன்று. தொல்லையை அகற்றும் கட்டளைக்காகக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98 ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம் என்று சிலர் நின்றார்கள். இன்னும் ஓடத் தொடங்காத யந்திரத்தின் சத்தத்தைத் தொல்லை என்று நிறுவுவது கடினம் என்பது வழக்கறிஞரின் அறிவுரை. ஒருமுறை தோற்றுவிட்டால் அந்தத் தீர்ப்பே நிறுவனத்துக்குச் சான்றிதழாகிவிடும் என்பதையும் யோசித்தார்கள்.

“தரவு மையம் வேண்டாம்” என்ற வசனத்தை எல்லாக் கடிதங்களிலிருந்தும் எடுத்துவிடுவது அடுத்தது. இதில் கடும் வாக்குவாதம். மாதர் சங்கத்தைச் சேர்ந்த ஒருவர், வேண்டாம் என்பதை வேண்டாம் என்று சொல்ல என்ன வெட்கம் என்று கேட்டார். அவருடைய பக்கத்திலும் நியாயம் இருந்தது. நிபந்தனை கேட்பவன் பாதி சம்மதித்தவன். ஆனால் சபைக்கு ஒரு கட்டடத்தை ஊர் வெறுக்கிறது என்பதற்காக மறுக்கும் அதிகாரம் இல்லை. தவறான பயன்பாட்டைக் குறித்து வந்த விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் அதிகாரம் உண்டு. எனவே மூன்றாவதாக, ஒரே பக்கத்தில் சபைக்கு எழுதினார்கள்: விண்ணப்பத்தில் எழுதிய பயன்பாடும் வரைபடத்திலுள்ள பயன்பாடும் ஒன்றல்ல, சரியான பயன்பாட்டைக் குறித்து மீள விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், எல்லைமதிலில் இரவில் என்ன டெசிபல் என்பதை எழுத்தில் கேளுங்கள், எண்ணெயும் கழிவுநீரும் பற்றிச் சுற்றாடல் அதிகாரசபையின் கருத்தைப் பெறுங்கள்.

தரவு மையம் என்ற பெயரே சுற்றாடல் பாதுகாப்பு உரிமப் பட்டியலில் இல்லை என்பது நிறுவனத்தின் வாதமாக இருந்தது. சபை அதற்குள் போகவில்லை. புரட்டாதி அமர்வில், புதிய விண்ணப்பம் வரும்வரை வேலையை நிறுத்தச் சொல்லித் தீர்மானம் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்தவர் ஒருவர். முதலீட்டை விரட்டுகிறோம் என்றார். அவரை ஊரில் பலர் ஏசினார்கள். அவருடைய உரையில், வேறு பொருத்தமான இடத்தைச் சபையே காட்டவேண்டும் என்ற ஒரு நல்ல வசனமும் இருந்தது. அதை யாரும் தொடரவில்லை.

பின்பு நடந்தது

புதிய விண்ணப்பம் வரவில்லை. கார்த்திகையில் நிறுவனம் பழையதையும் மீளப் பெற்றது. காரணமாக எழுதியது “வணிகக் காரணங்கள்”. சத்தக் கணக்குத்தான் காரணமா, தேர்தலுக்குப் பின்னரான சூழலா, பணமா என்பதை என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. பொறியியலாளர் தனிப்பட்ட பேச்சில், தடுப்பு மதிலும் மெதுவான விசிறிகளும் சேர்ந்தால் அந்தக் காணி கட்டுப்படியாகாது என்று சொன்னார்.

ஆண்டு முடிவதற்குள், வேறொரு பிரதேச சபை எல்லைக்குள், பிரதான வீதியோரப் பழைய களஞ்சியமொன்றை அதே நிறுவனம் குத்தகைக்கு எடுத்தது தெரியவந்தது. பின்பக்கத்தில் வீடுகள் உண்டு, மீளக்குடியேறிய குடும்பங்கள். அங்கே ஓய்வுபெற்ற ஆசிரியையோ, வெளிநாட்டிலிருந்து வழக்கறிஞருக்குக் காசு அனுப்பும் உறவினரோ இல்லை. எங்கள் குழுவில் இதைப் பேசியபோது, “அது எங்கட பிரச்சினை இல்லை” என்றவர்கள் பாதிப்பேர். ஆசிரியையும் இளைஞரும் கோப்பின் பிரதியோடு போய் அந்தக் குடும்பங்களைச் சந்தித்தார்கள். இப்போது அங்கே தாங்கி நிலத்துக்கு மேலே, தொட்டிக்குள் வருகிறது. குளிரூட்டும் கோபுரம் இல்லை. இரவுச் சத்தம் பற்றிய எழுத்துமூல உறுதி இன்னும் கிடைக்கவில்லை.

12 பரப்பு மறுபடி விற்பனைக்கு. கிணற்றின் நாலிலொரு பங்கைத் தனியாக வாங்கிவிடப் பங்காளிகள் கேட்டுப் பார்த்தார்கள். நிறுவனம் காணியோடு சேர்த்துத்தான் கொடுக்குமாம்.

மாறவேண்டியவை

கட்டட விண்ணப்பத்தைப் பெறும் அலுவலர், 100 கிலோவாற்றுக்கு மேற்பட்ட ஜெனரேற்றரோ நிலத்தடி எரிபொருள் தாங்கியோ வரைபடத்தில் இருந்தால், படிவத்தில் என்ன பயன்பாடு எழுதியிருந்தாலும், அயலவருக்கு அறிவித்தல் ஒட்டவேண்டும் என்று சபை தன் உள்விதியில் எழுதிக்கொள்ளலாம். 100 என்பது நான் சொல்லும் எண். அதைவிடச் சிறியது கலியாண மண்டபங்களிலும் உண்டு. அவற்றை இதற்குள் இழுக்கத் தேவையில்லை.

குழு முதல் மாதத்தில் கடன் வாங்கிய புள்ளிவிபரங்களைப் பரப்பாமல் தகவல் விண்ணப்பத்தோடு தொடங்கியிருந்தால் இரண்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும். ஒரு கேட்டுக்குத் தீர்வு கேட்கும்போது அது எந்தப் பக்கமாகத் திரும்பி வரும் என்பதையும் அதே கடிதத்தில் கேட்கவேண்டும்: தண்ணீர் வேண்டாம் என்றால் சத்தம் எவ்வளவு, சத்தம் குறைந்தால் மின்சாரம் எவ்வளவு. ஆடிச் சந்திப்பில் கைதட்டலோடு எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தால் விசிறிகள் வந்திருக்கும்.

நிலம் விற்கும் வெளிநாட்டுக் குடும்பங்கள் கிணற்றுப் பங்கை உறுதியில் எப்படி எழுதுகிறோம் என்று நொத்தாரிசிடம் ஒருமுறை கேட்பது நல்லது. “தோட்டச் செய்கைக்கு மட்டும்” என்று சேர்க்கச் செலவு ஒன்றுமில்லை.

கட்டடம் வருமுன் ஊரின் இரவு எவ்வளவு அமைதியானது என்பதை யாரும் அளந்து வைக்கவில்லை. சபையிடம் இரைச்சல் மானி இல்லை. களஞ்சியத்துக்குப் பின்பக்கக் குடும்பங்களுக்காக ஒன்றை வாடகைக்கு எடுக்க, வழக்குக்கென்று சேர்த்து மிஞ்சிய காசிலிருந்து குழு பணம் ஒதுக்கியிருக்கிறது. விசிறிகள் பொருத்தப்படுவதற்கு முன் சில இரவுகளாவது பதிவு எடுக்கவேண்டும். அளப்பவர், திகதி, நேரம், காற்று, நாய் குரைத்தது உட்பட எல்லாவற்றையும் குறிக்க ஒரு படிவத்தை இளைஞர் தயாரித்துக் கொடுத்திருக்கிறார்.